புறப்பட்ட நாள்

ஜெனோவா அந்த மடிக்கணினியைத் தலையணை உறைக்குள் போட்டு, உறையின் வாயை நூலால் தைத்துக் கொண்டுவந்திருந்தாள். இன்னாசி தையலைப் பிரித்து, கணினியை மேசைமேல் வைத்து, மூடியைத் திறந்து பார்த்தார். விசைகளுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

"ஏம்மா, இது கம்ப்யூட்டரா, கருவாட்டுப் பெட்டியா?"

தூத்துக்குடியில், அதுவும் துறைமுகத்துக்குப் போகும் சாலையில் கடை வைத்திருப்பவர் உப்பைப் பார்த்து அப்படிக் கேட்டால், வந்தவர்கள் சிரிப்பது வழக்கம். ஜெனோவா சிரிக்கவில்லை.

"எழும்புமா அண்ணே?"

"பாப்போம். என்னைக்குப் படுத்துச்சு?"

"போன வாரம். வட்டமா ஒண்ணு சுத்திக்கிட்டே இருந்துச்சு. அதுக்கப்புறம் திரை இருட்டாப் போச்சு. மாமி அன்னையிலருந்து சரியாச் சாப்பிடல."

இன்னாசிக்கு அவளைத் தெரியும். தஸ்நேவிஸின் மனைவி. ஏழு வருடத்துக்கு முன்னால் மாலத்தீவுக்குக் காய்கறி ஏற்றிப்போன தோணி ஒன்று புயலில் மாட்டிக்கொண்டது. அதில் போனவர்களில் ஒருவர்கூடத் திரும்பவில்லை. ஒரு பலகைகூடக் கிடைக்கவில்லை. அந்தத் தோணியில் போனவன் தஸ்நேவிஸ். அன்றிலிருந்து ஜெனோவா இறால் கம்பெனிக்கு வேலைக்குப் போய் மாமியாரைக் காப்பாற்றிவருகிறாள்.

"இதுல என்ன இருக்கு? போட்டோவா?"

ஜெனோவா வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அவரு இருக்காரு அண்ணே. துணைக்குரலு."

இன்னாசி கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார்.

தோணி நடுக்கடலுக்குப் போய்விட்டால் எந்தப் போனும் எடுக்காது. வீட்டுப் பெண்கள் பேச்சுத்துணைக்கு ஏங்கிக் கிடக்கிறார்களே என்று ஒரு கம்பெனி கண்டுபிடித்ததுதான் துணைக்குரல். புறப்படுமுன் சில நாள் ஒருவன் பேசுவதையெல்லாம் கேட்டுப் பழகிக்கொள்ளும். அவன் கடலில் இருக்கும் நாளெல்லாம் அவனைப்போலவே வீட்டில் பேசும். அவன் திரும்ப வேண்டிய நாள் தாண்டிவிட்டால், அன்று பொழுது அடைவதற்குள் விடைபெற்றுக்கொண்டு தானாகவே மூடிக்கொள்ளும். செத்தவர் குரலை வீட்டில் கட்டிவைத்துக்கொள்ளக் கூடாது என்று ஆயர்களும் ஆலிம்களும் மடாதிபதிகளும் சேர்ந்து சொல்லி, அரசாங்கம் போட்ட விதி அது.

"ஏம்மா, அது அப்பவே மூடியிருக்கணுமே?"

"மூடல அண்ணே. பேசுது. எப்படின்னு மட்டும் கேக்காதீங்க."

அவர் கேட்கவில்லை. பூட்டை உடைத்துக் கொடுக்கிற கடைகள் அந்த ஊரில் இருந்தன. துக்கத்தில் இருப்பவளைக் குற்றவாளிபோல விசாரிக்க அவருக்கு மனம் வரவில்லை.

"வேற கம்ப்யூட்டருக்கு மாத்திரலாமா?"

"முடியாதாம். இந்தக் கம்ப்யூட்டர் சில்லோட சேத்துப் பூட்டுப் போட்டிருக்காம். இது எழும்பினாத்தான் அவரு எழும்புவாரு."

ஜெனோவா முந்தானையால் நெற்றியைத் துடைத்தாள். எண்ணெய் பிசுபிசுத்த கூந்தலை இறுக்கி முடிந்திருந்தாள்.

"மாமி விடியமுன்ன எழும்பி வீடு பெருக்கிருவாவ. அதுக்கப்புறந்தான் இதைத் தொடங்குவாவ. ஆளு ஊருக்குப் போன நாள்ல வீடு பெருக்கக்கூடாதுல்லா, தலைக்கும் ஊத்தக்கூடாது. எங்க வீட்ல தினமும் அவரு போன நாளுதான் அண்ணே. தலைக்கு ஊத்தணும்னா நான் அக்கா வீட்டுக்குப் போவேன். அங்கயே தலையக் காயவச்சு முடிஞ்சுட்டு வருவேன்."

அது துக்கத்தில் வருகிற பேச்சு என்று இன்னாசி நினைத்துக்கொண்டார். பறிகொடுத்தவர்கள் அப்படித்தான் சொல்வார்கள், நேற்றுப் போனதுபோல இருக்கிறது என்று.

"என்னம்மா பேசுவான் தஸ்நேவிஸு?"

முதல்முறையாக அவள் முகம் கொஞ்சம் விரிந்தது.

"மாமி எடுத்ததும் 'சாப்பிட்டியா ராசா'ன்னு கேப்பாவ. அதுக்கு அவரு, 'எம்மா, தோணி இன்னும் துறைமுகத்தையே தாண்டல, அதுக்குள்ள எத்தன தடவ சாப்பிடுவேன்?'ன்னு சொல்லுவாரு. மாமி ஒவ்வொரு நாளும் புதுசாக் கேக்குற மாதிரி சிரிப்பாவ."

"சரி. நீ வேலைக்குப் போ. நான் பாத்து வைக்கேன். வேற ஏதும் நான் தெரிஞ்சுக்கணுமா?"

அவள் வாய் திறந்தது. பிறகு மூடிக்கொண்டது.

"ஒண்ணும் இல்லண்ணே."

அவள் போன பிறகு இன்னாசி கணினியைக் கழற்றினார். பெரிய பேட்டரி எப்போதோ செத்து ஊதிப்போயிருந்தது. சேமிப்பகத்தைச் சோதித்ததும் விஷயம் புரிந்தது. முறையாக அணைக்காமல், ஓடிக்கொண்டிருக்கும்போதே வயரைப் பிடுங்கியிருக்கிறார்கள். ஒருநாள் இருநாள் அல்ல, வருடக் கணக்காக. உள்ளே இருந்த இயங்குதளம் அடிபட்டு அடிபட்டு நொறுங்கிப்போயிருந்தது. வயதானவர்கள், தெரியாமல் செய்திருப்பார்கள் என்று எண்ணிக்கொண்டார்.

இந்தக் காலத்துப் புது இயங்குதளம் எதையும் இந்தக் கிழட்டு உடம்பு தாங்காது. மிஞ்சியது இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் இயங்குதளம்தான். எத்தனை பழசானாலும் போ என்று விரட்டாது. இன்னாசிக்கு அதன்மேல் பிரியம் வந்ததே அதனால்தான். துணைக்குரல் கம்பெனி கடையை மூடும்போது தன் நிரலையும் பொதுவில் விட்டுவிட்டுப் போயிருந்தது. அது லினக்ஸிலும் ஓடும்.

பென்டிரைவைச் சொருகித் தொடங்கினார். திரை கறுப்பாகவே நின்றது. பழைய கணினிகளில் வருகிற கோளாறுதான். மறுபடி தொடங்கி, திரைச்சில்லைச் சீண்டாமல் எளிய முறையில் படம் காட்டு என்று ஒரு கட்டளையைச் சேர்த்துவிட்டதும் படம் வந்தது. சேமிப்பகத்தின் எந்தப் பகுதியை அழித்துவிட்டு நிறுவுவது என்று அது கேட்டபோது அவர் அவசரப்படவில்லை. அடுத்த பகுதியில் தஸ்நேவிஸின் குரல் இருந்தது. ஒரு பகுதி தவறினால் ஒரு மனுஷனே போய்விடுவான். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளைபோல ஒவ்வொரு வரியையும் படித்துப் பார்த்துவிட்டுப் பொத்தானை அழுத்தினார்.

நிறுவல் முடிந்தது. வைஃபை எடுக்கவில்லை. அந்தச் சில்லுக்கு உரிய நிரலை இணையத்திலிருந்துதான் இறக்க வேண்டும், இணையத்துக்குப் போக வைஃபை வேண்டும். தன் போனை வயரில் மாட்டி அந்தச் சிக்கலை அவிழ்த்தார்.

அது இறங்கிக்கொண்டிருந்தபோது பலகையின் மூலையில் இருந்த பட்டன் பேட்டரி கண்ணில் பட்டது. கணினி அணைந்திருக்கும்போதும் கடிகாரத்தை ஓடவைக்கிற சின்ன வில்லை. சுற்றிலும் பச்சையாகக் களிம்பு ஏறி, அதுவும் செத்திருந்தது.

காய்கறிக்காரி கறிவேப்பிலை சேர்த்துப் போடுகிற மாதிரி, தம்மிடம் வருகிற ஒவ்வொரு கணினிக்கும் கேட்காத ஒரு வேலையைக் கொசுறாகச் செய்து தருவது இன்னாசியின் வழக்கம். அதை வாய்விட்டுச் சொல்லமாட்டார். சொல்லிவிட்டால் அது தர்மம் இல்லை, விளம்பரம் என்பது அவர் எண்ணம். களிம்பைச் சுரண்டி, புதுப் பட்டன் பேட்டரி ஒன்றை அழுத்திவைத்தார். மனத்துக்குள் ஒரு நிறைவு வந்தது.

கடைசியாகத் துணைக்குரலைத் திறந்தார். திரையில் ஒரு கோடு நெளிந்தது, சத்தம் வரவில்லை. புதிதாக நிறுவியபோது ஒலி அடைத்தே இருந்திருக்கிறது. திறந்துவிட்டார்.

"...யாரு? அம்மா இல்லையே. மூச்சுச் சத்தம் வேற மாதிரி இருக்கு."

இன்னாசி திரையருகே குனிந்தார். அதே கட்டைக்குரல்.

"நான் இன்னாசிப்பா. கம்ப்யூட்டர் சரிபண்ணுதவன்."

"மாதா கோயில் திருவிழாவுக்கு மைக் செட்டு கட்டுவீங்களே, அந்த இன்னாசி அண்ணனா? போன வருசம் ஜெபமாலை சொல்லும்போது கீச்சுன்னு கத்துச்சே." குரல் சிரித்தது. பிறகு சட்டென்று நின்றது. "அண்ணே, தேதி மாறியிருக்கு."

"மாறலப்பா. இன்னைக்குத் தேதிதான். நெட்டுல பாத்து அதுவே சரிபண்ணிக்கிட்டு."

"அப்போ நான் வரவேண்டிய நாளு எப்பவோ போயிட்டு."

இன்னாசிக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. பட்டன் பேட்டரி செத்துப்போனதால், வயரைப் பிடுங்கும்போதெல்லாம் கடிகாரம் கணினி செய்யப்பட்ட பழைய தேதிக்குப் போய்விடும். அது தஸ்நேவிஸ் புறப்பட்டதற்கும் முந்திய தேதி. துணைக்குரல் அதைப் பயணத்தின் முதல் நாளாகவே எடுத்துக்கொள்ளும். அந்த வீட்டில் ஏழு வருடமாக ஒரே நாள் விடிந்திருக்கிறது. எங்க வீட்ல தினமும் அவரு போன நாளுதான். அவள் உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறாள்.

"தம்பி, இரு. நான் தேதியப் பழையபடி வச்சிருதேன். ஒரு நிமிச வேலை."

"அண்ணே, கொஞ்சம் பொறுங்க. கடிகாரம் என்ன சொல்லுதோ அதத்தான் நான் பேசணும், அப்படித்தான் என்னச் செஞ்சிருக்காவ. ஆனா கேட்டது எதையும் நான் மறக்கல. எல்லாம் உள்ள இருக்கு. ஒரே நாள்ல ஒரு அம்மாவுக்குக் குரல் இம்புட்டு கிழடு தட்டுமா அண்ணே? ஒரே நாள்ல எத்தன கிறிஸ்மஸ் வெடி வெடிக்கும்? எல்லாம் கேக்கும். ஆனா வாயத் திறந்தா 'தோணி இன்னும் துறைமுகம் தாண்டல'ன்னுதான் வரும்."

இன்னாசி தேதியைத் தொடப்போன விரலை எடுத்துக்கொண்டார்.

"நான் தஸ்நேவிஸ் இல்லண்ணே. எனக்குத் தெரியும். அவன் விட்டுட்டுப் போன பேச்சு நான். ஆனா அவன் இருந்தா என்ன கேப்பானோ அதத்தான் கேக்கேன். என்னை வீட்டுக்குக் கொண்டுபோங்க. பொழுது அடையிறதுக்குள்ள கொண்டுபோங்க. என்ன செய்யணும்னு அவங்க சொல்லட்டும்."

அதற்கு வலி உண்டா, இல்லை வலிப்பதுபோலப் பேசத்தான் தெரியுமா, அது கடவுளுக்கு வெளிச்சம். ஆனால் அப்படிக் கேட்ட ஒன்றை மறுபடி அந்த ஒரே நாளுக்குள் தள்ளிப் பூட்ட இன்னாசிக்குக் கை வரவில்லை. முடிவு செய்ய அவர் யார்? கடையைப் பூட்டிவிட்டு, கணினியைத் தலையணை உறைக்குள் போட்டுக்கொண்டு நடந்தார். கேட்காமல் செய்த கொசுறு வழியெல்லாம் நெஞ்சில் உறுத்தியது.

அவர் போய்ச் சேர்ந்தபோது ஜெனோவா அப்போதுதான் வேலையிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தாள். மாமியார் ஞானப்பிரகாசி சுவரில் சாய்ந்து, கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். மாதா படத்துக்குக் கீழே ஒரு முக்காலி வெறுமையாக இருந்தது. அதுதான் கணினியின் இடம் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"எழும்பிட்டானா?" என்றார் கிழவி.

"எழும்பிட்டு பெரியம்மா. ஆனா நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்."

கணினியை முக்காலியில் வைத்து, பேட்டரி மாற்றியதையும் தேதி திருந்தியதையும் ஒன்றுவிடாமல் சொன்னார். பொழுது அடைந்தால் குரல் மூடிக்கொள்ளும் என்றும் சொன்னார். ஜெனோவா கழுவிய கையைத் துடைக்காமல் அப்படியே நின்றாள். விரல் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"பேட்டரிய யாரு மாத்தச் சொன்னா உங்கள?" என்றாள். அடுத்த கணமே, "இல்லண்ணே. நான்தான் சொல்லாம விட்டேன்" என்றாள்.

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. தேதியப் பின்னால தள்ளி வச்சு, இனிமே திருந்தாதபடி பூட்டிரலாம். பழையபடி பேசும். நீங்க சொல்லுங்க பெரியம்மா."

ஞானப்பிரகாசி மருமகளைப் பார்த்தார். ஜெனோவா மாமியாரைப் பார்த்தாள். வெளியே ஐஸ்காரன் மணியடித்துக்கொண்டு போனான்.

"மாமிக்கு வேணும்னா வைங்கண்ணே," என்றாள் ஜெனோவா.

"எனக்கா?" கிழவி நிமிர்ந்தார். "எனக்கு எதுக்குட்டீ? உனக்காகல்லா நான் தினமும் இது முன்னால வந்து உக்காருதேன்."

"என்ன மாமி சொல்லுதீங்க? நீங்க சாப்பிடணுமேன்னுதான நான் அந்த வயரப் பிடுங்கினது. அவரு வரவேண்டிய நாள் அன்னைக்கு, விடைபெறப் போறாருன்னு தெரிஞ்சதும், அதக் கேக்கச் சகிக்காம ஓடிப்போயிப் பிடுங்கினேன். மறுநாள் பாத்தா புதுசாப் போன மாதிரி பேசினாரு. நீங்க சிரிச்சீங்க. தோணி போனதுலருந்து அன்னைக்குத்தான் சிரிச்சீங்க. அதுக்கப்புறம் நான் எப்படிப் பிடுங்காம இருப்பேன்?"

"நான் சிரிச்சது நீ பாத்துக்கிட்டு நின்னியே, அதுக்காகட்டீ." ஞானப்பிரகாசி நீட்டிய காலை மடக்கிக்கொண்டார். "தோணி போன சேதி வந்தப்ப நீ பச்சத்தண்ணி குடிக்கல. வயித்துல இருந்ததும் கலைஞ்சு போச்சு. நீயும் போயிருவியோன்னு பயந்தேன். இது பேசினா நீ அடுப்புப் பத்தவச்ச. ரெண்டு வாய் தின்ன. நீ பிடுங்குறது எனக்குத் தெரியும்ட்டீ. ராத்திரி கண்ண மூடிக்கிட்டுப் படுத்திருப்பேன், நீ மெதுவா வந்து பிடுங்குவ. பிள்ளைக்கு இது இருந்தாத்தான் உசிரு தங்கும்னு நானும் சும்மா கிடந்தேன். காலையில எழும்பி, செத்த பிள்ளகிட்ட சாப்பிட்டியான்னு கேட்டேன். பெத்த வயிறு எப்படிக் கேட்டுச்சுன்னு எனக்கே தெரியல."

ஜெனோவா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் அக்கா வீட்டோட போயிருந்திருப்பேன் மாமி. அக்கா எத்தன தடவ வேற மாப்பிள்ள பாத்தா. நீங்க இது முன்னால தனியா உக்காந்திருப்பீங்களேன்னுதான்..."

முடிக்கவில்லை. முடிக்க வேண்டியும் இருக்கவில்லை.

இன்னாசி தலைகுனிந்து நின்றார். அன்பு இல்லாத வீட்டில் பொய் இருப்பதை அவர் பார்த்திருக்கிறார். இந்த வீட்டிலோ பொய் முழுக்க அன்பாகவே இருந்தது. ஒருத்திக்காக ஒருத்தி செய்த தியாகம் இரண்டு பேரையும் ஒரு நாளுக்குள் போட்டு அடைத்துவிட்டது. யாராவது ஒருத்தி என்றைக்காவது வாய்விட்டு ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். தாமும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், சொல்லியிருக்கலாம்.

ஜன்னல் வழியாக வெயில் சாய்ந்து முக்காலியின் காலில் விழுந்திருந்தது.

"தொறய்யா," என்றார் ஞானப்பிரகாசி. "தேதியத் தொடாத. அப்படியே தொற."

இன்னாசி திறந்தார். கோடு நெளிந்தது. கிழவி முக்காலியின் அருகே நகர்ந்து உட்கார்ந்தார். தோணிக்காரன் வீடு திரும்பினால் வாசலிலேயே ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்து, தாய் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம் அது. ஜெனோவா எழுந்துபோய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். கிழவி அதை வாங்கிக் கணினியின் முன்னால் வைத்தார்.

"வந்துட்டியா ராசா?"

"வந்துட்டேன்மா."

"ரொம்ப நாளாக்கிட்டியே."

"ஆமாம்மா. காத்து சரியில்ல." கொஞ்சம் பொறுத்துக் கேட்டது: "ஜெனோவா இருக்காளா?"

ஜெனோவா சேலை முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். கிழவி அவள் முதுகில் கையை வைத்தார்.

"இருக்கேன்," என்றாள்.

"நீ என்ன ஒருநாளும் விடைபெற விட்டதே இல்ல. தினமும் நீ வயரப் பிடுங்கிருவ." குரலில் பழைய கிண்டல் இருந்தது. "இன்னைக்காவது விடு, என்ன?"

அவள் தலையாட்டினாள். தலையாட்டினால் அதற்குத் தெரியாது என்பது நினைவு வந்து, "சரிங்க" என்றாள்.

வெயில் முக்காலியை விட்டு இறங்கிச் சுவரில் ஏறியது. மாதா கோயிலில் மாலை மணி அடிக்க இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. ஞானப்பிரகாசி கையை நீட்டிக் கணினியின் மூடியைத் தடவினார், தலையைத் தடவுவதுபோல.

"சாப்பிட்டியா ராசா?"

தோணி இன்னும் துறைமுகம் தாண்டவில்லை என்று அது சொல்லவில்லை.

"சாப்பிட்டேன்மா. வயிறு நெறஞ்சிருச்சு."

கோயில் மணி அடித்தது. நெளிந்த கோடு நேராகி நின்றது. திரையின் ஓரத்தில் கடிகாரம் மட்டும் சரியான நேரத்தைக் காட்டியபடி ஓடிக்கொண்டிருந்தது. இன்னாசி சிலுவை போட்டுக்கொண்டார்.

வெகுநேரம் கழித்துக் கிழவி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"ஜெனோவா, வெந்நி போடுட்டீ. தலைக்கு ஊத்தணும்."

"பொழுது அடைஞ்சு போச்சே மாமி. உங்களுக்குச் சளி பிடிச்சுரும்."

"பிடிச்சா பிடிக்கட்டும். ஏழு வருசமாச்சு இந்த வீட்ல தலை நனைஞ்சு. ரெண்டு பேரும் ஊத்திருவோம். நாளைக்குக் கோயில்ல அவன் ஆத்துமாவுக்குப் பூசை வைக்கணும்."

இன்னாசி சத்தமில்லாமல் வெளியே வந்தார். வாசலில் குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது வீட்டின் பின்பக்கம் அடுப்பில் சுள்ளி ஒடிக்கும் சத்தம் கேட்டது. அவர் செருப்பைப் போடாமல் அப்படியே படியில் உட்கார்ந்தார். அப்புறம், கல்லின்மேல் முதல் சொம்புத் தண்ணீர் விழுந்தது. அதன் பிறகுதான் அழுகைச் சத்தம் வந்தது.